பொடுகா, ஈரா என்று முதலில் பாருங்கள்

தலை அரிப்புக்கு இரவெல்லாம் எண்ணெய் ஊறவிட்டு, காலையில் எலுமிச்சைச் சாறு தேய்த்துக் குளிக்கச் சொல்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. வறண்ட தலைக்கு எண்ணெய் சரி. பொடுகு இருந்தால் கதை வேறு. பொடுகோடு தொடர்புள்ள மலசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை, தலையின் எண்ணெய்ப் பசையில்தான் வளர்கிறது. அதன்மேல் இன்னும் எண்ணெய் ஊற்றினால் அதற்கு விருந்து வைத்த மாதிரிதான். எலுமிச்சையோ, சொறிந்து புண்ணான இடத்தில் பட்டால் உயிர் போகும்.

எங்கள் வீட்டில் வெந்தயம்தான். இரவு ஊறவைத்து, காலையில் வழுவழுவென்று அரைத்து, அரை மணி நேரம் தலையில் வைத்து அலசுவோம். குளிர்ச்சியாக இருக்கும், அரிப்பு கொஞ்சம் அடங்கும். (காயவிட்டால் போச்சு, துணுக்கு துணுக்காக முடியில் சிக்கிக்கொள்ளும்.) ஆனால் பொடுகு இதனால் போய்விடாது. அதற்கு மருந்துக் கடையில் கிடைக்கும், பூஞ்சையை அடக்கும் கீட்டோகோனசோல் ஷாம்பு, வாரம் 2 முறை. பலரும் போட்ட உடனே அலசிவிட்டு 'கேட்கவில்லை' என்கிறார்கள். நுரையை 3 முதல் 5 நிமிடம் தலையிலேயே விட வேண்டும்.

பள்ளிக்கூடம் போகும் பிள்ளை சொறிந்தால், காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் வகிடெடுத்துப் பாருங்கள். தட்டினால் உதிர்வது பொடுகு. முடியோடு ஒட்டிக்கொண்டு, நகத்தால் உருவினால்தான் வரும் என்றால் ஈர். அப்போது பொடுகு ஷாம்பு எதற்கு? ஈரத் தலையில் பேன் சீப்பு போட்டு இழுங்கள். வட்ட வட்டமாக முடி கொட்டியிருந்தால் மட்டும் வீட்டு வைத்தியம் வேண்டாம். படர்தாமரையாக இருக்கலாம், அதற்கு மாத்திரை வேண்டும், தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.