வெள்ளை முக்காட்டுக்காரிகளை விட்டுவிட்டு அந்த மடத்தின் கதையைச் சொல்லாதீர்கள்

இரண்டு நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். முடியவில்லை. பழைய கோவா சாந்தா மோனிக்கா கன்னியர் மடத்தின் படத்தை ஒருவர் பதிவாகப் போட்டு, இங்கே எல்லாப் பெண்களும் சமமாக வாழ்ந்தார்கள் என்று எழுதியதும், நான் கீழே நான்கு வரி எழுதியதும், அதை அழித்துவிட்டு என்னைச் சபையின் எதிரி என்றதும் நீங்கள் பார்த்ததுதான்.

சமமாக வாழவில்லை. அன்று சொன்னதும் இதுதான், இன்று சொல்வதும் இதுதான்.

1606-இல் பேராயர் அலெய்ஷோ த மெனெசெஸ் நிறுவிய அகுஸ்தீன் துறவற சபை மடம் அது. போர்த்துகீசியர் கிழக்கே கட்டிய முதல் கன்னியர் மடம். கட்டி முடிக்க 1627 ஆனது. 1636-இல் தீப்பிடித்தது, மறுபடி கட்டினார்கள். அந்தச் சுவர்களைப் பார்த்து நானும் வாயடைத்து நின்றிருக்கிறேன். ஆனால் உள்ளே இரண்டு முக்காடு இருந்தது. கறுப்பு முக்காடு போட்டவர்கள் பாடற்கூடத்தில் உட்கார்ந்து லத்தீனில் செபம் பாடுவார்கள். அதற்கு நல்ல குடும்பத்தில் பிறந்திருக்க வேண்டும், மடத்துக்குச் சீர்ப்பணமும் கட்ட வேண்டும். வெள்ளை முக்காடு வீட்டு வேலைக்கு. உள்ளூர்ப் பெண்களுக்குப் பெரும்பாலும் அந்த வெள்ளை முக்காடுதான், இல்லையென்றால் வேலைக்காரியாக உள்ளே போகலாம். அடிமைப் பெண்களும் அந்தச் சுவருக்குள் இருந்தார்கள். சமமாம்!

இதில் ஒன்று கவனியுங்கள். கப்பலேறி போர்த்துகலிலிருந்து வந்த பெண்கள் சொற்பம். மடத்தை நிரப்பியவர்கள் இந்தியாவிலேயே பிறந்த போர்த்துகீசியர் மகள்கள், அப்புறம் கலப்பு வம்சத்துப் பெண்கள். கல்யாணத்துக்குரிய பெண்களையும் சொத்தையும் மடம் விழுங்குகிறது என்று கோவா நகரசபை அரசருக்குப் புகார் எழுதுகிற அளவுக்குக் கூட்டம். போர்த்துகீசியர் கையைவிட்டு மலாக்கா 1641-இல் போனது, கொச்சி 1663-இல் போனது. பேரரசு சுருங்கச் சுருங்க ‘தூய ரத்தம்’ என்ற பேச்சுக்கே ஆள் குறைந்துபோனது. கலப்பு வம்சத்துப் பெண்களுக்கு மடத்தின் கதவு கொஞ்சம் அகலமானதற்கு அதுதான் காரணம் என்பது என் எண்ணம். மனம் மாறித் திறந்தார்கள் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். ஆசியக் கிறிஸ்தவர்களும் போர்த்துகலில் பிறந்தவர்களும் சட்டத்தின் முன் சமம் என்று லிஸ்பன் ஆணை போட்டதே 1761-இல்தான்.

“அந்தக் காலம் அப்படி” என்று மூன்று பேர் எழுதியிருந்தீர்கள். சரி, 1724-இல் மெக்சிகோ நகரத்தில் பூர்வகுடிப் பெண்களுக்கென்றே கோர்புஸ் கிறிஸ்தி மடம் திறந்தார்களே, அது எந்தக் காலம்? அதுவும் பேரரசுதான், ஸ்பெயினுடையது. பூர்வகுடித் தலைவர்களின் குடும்பத்துப் பெண்களை மட்டும்தான் சேர்த்தார்கள், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் பின்னால் ஸ்பானியப் பெண்களை அங்கே நுழைத்தபோது, அந்தச் சகோதரிகள் இது தங்களுக்கான மடம் என்று எழுத்திலேயே எதிர்த்தார்கள். அநியாயம் அந்தக் காலத்துப் பெண்களுக்கும் தெரிந்துதான் இருந்தது.

“மற்ற மதங்களில் இல்லையா?” இருக்கிறது. நான் என் வீட்டைப் பற்றிப் பேசுகிறேன்.

“வேலை செய்வதும் செபம்தானே சிஸ்டர்” என்று ஒருவர் எனக்குப் பாடம் எடுத்திருந்தார். அதைப் படித்தபோது என் பெரியம்மா ஞாபகம் வந்து, ஃபோனைக் கீழே வைத்துவிட்டேன். பெரியம்மா பதினெட்டு வயதில் மடத்துக்குப் போனவர். எந்த மடம் என்று சொல்ல மாட்டேன். போன முதல் நாள் அங்கே அவரிடம் கேட்ட முதல் கேள்வி, “எந்தத் தெரு?” கூட வார்த்தைப்பாடு (துறவற உறுதிமொழி) கொடுத்தவர்களை டீச்சர் டிரெயினிங்குக்கு அனுப்பினார்கள். பெரியம்மாவைச் சமையலறைக்கு அனுப்பினார்கள். முப்பத்தோரு வருஷம். வாயைத் திறந்து ஒரு குறை சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை, முழங்கால் வலிக்குத் தைலம் தேய்த்துவிடும்போது என்னிடம் கேட்டார்: “செபம்னா மாத்தி மாத்திப் பண்ணலாமேடி? என்னை மட்டும் ஏன் அடுப்புலயே பண்ணச் சொன்னாங்க?” அன்றைக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை.

சபையின் எதிரியாம். அந்தப் பெரியம்மா கையால் முதல் செபமாலை வாங்கியவள் நான். ஞாயிறு பூசை தவறவிடாதவள் நான். எனக்கு இந்தப் பட்டமா?

1834-இல் போர்த்துகல் அரசு துறவற சபைகளை ஒழித்தது. கோவாவிலிருந்து ஆண் துறவிகள் போனார்கள், கன்னியர்கள் இருந்தார்கள். ஆனால் புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது. இருந்தவர்கள் ஒவ்வொருவராக முதுமையடைந்து, கடைசிச் சகோதரி 1885-இல் இறந்தார். கறுப்பா வெள்ளையா என்று பார்க்க அதற்கப்புறம் ஆளே இல்லை. 1964-லிருந்து அதே கட்டடத்தில் அருட்சகோதரிகள் இறையியல் படிக்கிறார்கள். அந்தப் படத்தைப் போட்டிருந்தால் முதல் லைக் என்னுடையதாக இருந்திருக்கும்.

படம் போட்டவருக்கு ஒரு வார்த்தை: பதிவை நீக்கச் சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்க வேண்டாம். ‘சமமாக’ என்ற அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடுங்கள்.