உருக்குவது வேறு, எரிப்பது வேறு

கழிவு பிளாஸ்டிக்கைத் தாரோடு சேர்த்து நம் தெருவுக்கு ரோடு போடச் சொல்லி நான் மனு எழுதினேன். அதைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் கூட்டத்தில் நடந்தது நம் தெருக்காரர்களுக்குத் தெரியும். அங்கே என்னைப் பேச விடவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

"பிளாஸ்டிக்கை எரிச்சு ரோடு போட்டு, அந்தப் புகையில எங்களைச் சாகடிக்கப் பாக்குறீங்களா?" என்று ஒரு அண்ணன் கேட்டார். கை தட்டினீர்கள். யாரும் எரிக்கவில்லை. உருக்குகிறார்கள். உருக்குவது வேறு, எரிப்பது வேறு.

ஜல்லியை 160, 170 டிகிரிக்குச் சூடாக்கி, அதன் மேல் துண்டு துண்டாக நறுக்கிய பிளாஸ்டிக்கைத் தூவுவார்கள். அந்தச் சூட்டில் கேரி பேக் இளகி, ஜல்லி மேல் தோல் மாதிரிப் படியும். தீப்பிடிக்காது. அப்புறம்தான் தார். தார் அந்தத் தோலை இறுகப் பிடித்துக்கொள்ளும், தண்ணீர் எளிதில் உள்ளே இறங்காது. ஐப்பசி மழைக்கு நம் தெரு ஜல்லி ஜல்லியாகப் பெயர்வதே தண்ணீர் உள்ளே புகுவதால்தானே? ஒற்றை வழிச் சாலை ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டன் பிளாஸ்டிக் போகும். அந்த அளவுக்குத் தாரும் மிச்சமாகும்.

இது எங்கிருந்தோ வந்த யோசனை இல்லை. திருப்பரங்குன்றம் தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் கண்டுபிடித்தது. 2002ல் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே போட்டுப் பார்த்தார். 2018ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மதுரையில் பிறந்த முறையை மதுரையில் ஒரு தெருவுக்குக் கேட்டதற்குத்தான் எனக்கு இந்தப் பேச்சு.

"பைப் செய்கிற பிவிசி பிளாஸ்டிக் சேர்ந்தால் விஷ வாயு வருமே?" வரும். அதனால்தான் சாலைகளுக்குத் தரம் வகுக்கும் இந்தியச் சாலைப் பேராயத்தின் 2013 வழிகாட்டுதல் பிவிசியைச் சேர்க்கவே கூடாது என்கிறது. பால் கவர் தனி, பைப் துண்டு தனி என்று வீட்டிலேயே பிரிக்கச் சொல்லி நான் சாக்கோடு படியேறி வந்தது இதற்காகத்தான். அதற்கு ஒரு வீட்டில் "குப்பைக்காரி வந்திருக்கு" என்று உள்ளே குரல் கொடுத்தார்கள். கேட்டது. கேட்காத மாதிரி நின்றேன்.

"பக்கத்து ஏரியாவில் போட்ட பிளாஸ்டிக் ரோடு ஒரே வருஷத்தில் போச்சே?" அடியில் மண்ணைக் கெட்டிக்காமல், வடிகால் இல்லாமல் எதைப் போட்டாலும் போகும். அது காண்ட்ராக்டர் செய்த வேலை. பிளாஸ்டிக் மேல் ஏன் பழி? தேய்ந்து துகளாக மண்ணில் கலக்கும் என்று ஒரு தம்பி சொன்னார். சரி, அது கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதே பை இன்றைக்குக் கிருதுமால் வாய்க்காலில் கிடந்து மக்காமல் நைந்துகொண்டிருக்கிறதே, அதைப் பற்றி ஒரு கூட்டமாவது போட்டோமா?

எனக்கு ஆறாதது வேறு. புகை என்று பயப்படுகிறீர்கள். நம் காலி மனையில் வாரத்துக்கு ஒரு முறை குப்பையைக் குவித்துக் கொளுத்துகிறார்களே, அது புகை இல்லையா? அதில் பை இருக்கிறது, செருப்பு இருக்கிறது, வயர் இருக்கிறது. அம்மாவுக்கு மூச்சிழுப்பு. கடைசி இரண்டு வருஷமும் அந்தப் புகை வரும்போதெல்லாம் ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி வைத்து அடைத்தேன். "அணைங்கப்பா" என்று போய்க் கேட்டபோது, "கொசு போகட்டும்னுதான்" என்றார் ஒருவர். ஞாயிற்றுக்கிழமை முதலில் கை தட்டியவரும் அவர்தான்.

பால் கவரை வெட்டிக் கழுவிக் கொடியில் காயப்போடும் பழக்கம் அம்மாவிடமிருந்து வந்தது. துணிக்கு நடுவில் வரிசையாகக் கிளிப் போட்டு வைப்பார். அம்மா போனபிறகும் நான் விடவில்லை. மாடிப்படிக்குக் கீழே இப்போது மூன்று சாக்கு நிறைந்திருக்கிறது.

மனுவில் பதினோரு பேர் கையெழுத்துப் போட்டீர்கள். திரும்ப எடுக்க வேண்டும் என்றால் வீட்டுக்கு வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், உங்கள் பெயரை அடித்துவிடுகிறேன். குழுவில் எழுத வேண்டாம்.