புது கோச், பழைய பையன்கள்: முதல் வருடம் யார் வளைவது?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் கோச் மாறும் பருவம் வந்தாலே ஒரே பேச்சுதான். அவர் ஸ்ப்ரெட் (வீரர்களை அகலப் பரப்பி நிறுத்துவது) ஆடுவார், இவர் ஏர் ரெய்டு (பெரும்பாலும் எறிவது), அவருடைய டிஃபென்ஸ் (தடுப்பு அணி) த்ரீ-ஃபோர் (லைனில் மூவர், அவர்களுக்குப் பின்னால் நால்வர்). சிஸ்டத்தின் பெயரைச் சொல்லிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று நினைக்கிறோம். அந்த சிஸ்டத்தை ஆடப்போகிற பையன்கள் ஏற்கெனவே அதே வளாகத்தில் வேறொருவருக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, வேறொரு ஆட்டத்துக்காக வளர்க்கப்பட்டவர்கள். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

டிசம்பரில் பொறுப்பேற்கும் கோச்சுக்கு முதல் ஆட்டம் வரை ஒன்பது மாதம்கூட முழுசாகக் கிடையாது. அதற்குள் சிலவற்றைக் கற்றுக்கொடுக்கலாம்: காலடி வைக்கும் விதம், சைகைகள், யாரைப் பார்த்து முடிவெடுப்பது. சிலவற்றை மாற்றவே முடியாது: ஆட்டத்தை நடத்திப் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கின் ஓட்டவேகம், முன்வரிசையில் மோதும் லைன்மேனின் உடல்வாகு, பந்து பிடிக்க ஓடும் எதிராளியை ஓரத்தில் காக்கும் கார்னர்பேக் இடுப்பைத் திருப்பி ஓடும் வேகம். முதல் வகையில் பையன்கள் வளையட்டும். இரண்டாவது வகையில் கோச்தான் வளைய வேண்டும். மறுத்தால் அது செருப்புக்காகக் காலைச் செதுக்குகிற வேலை.

இதைப் புரிந்துகொள்ள மிஷிகன் பல்கலைக்கழகம் ஒன்றே போதும். 2008இல் லாய்ட் கார் ஓய்வு பெற்று, மேற்கு வர்ஜீனியாவிலிருந்து ரிச் ரோட்ரிகஸ் வந்தார். அவருடைய ஆட்டத்தின் உயிர் ஜோன் ரீட். பந்து ஸ்னாப் ஆனதும் (ஆட்டம் தொடங்கப் பின்னால் தரப்பட்டதும்) எதிரணியின் ஓர வீரர் ஒருவரை வேண்டுமென்றே தடுக்காமல் விடுவார்கள். அவர் பந்தை வாங்கி ஓடும் ரன்னிங் பேக்கைத் துரத்தி உள்ளே பாய்ந்தால், குவார்ட்டர்பேக் பந்தைக் கொடுக்காமல் தானே எடுத்துக்கொண்டு, அவர் காலி செய்த இடத்தில் ஓடுவார். அவர் நின்றுவிட்டால் பந்து ரன்னிங் பேக்குக்குப் போகும். ஒருவரைத் தடுக்காமலே ஆட்டத்திலிருந்து விலக்குகிற கணக்கு இது. ஆனால் குவார்ட்டர்பேக்கின் ஓட்டத்துக்கு எதிரணி பயப்பட வேண்டும். பயமில்லை என்றால் அந்த ஓர வீரர் ஒவ்வொரு முறையும் கவலையில்லாமல் உள்ளே பாய்வார். தடுக்காமல் விட்ட ஆளே ரன்னிங் பேக்கை மடக்கிவிடுவார். தந்திரம் தலைகீழாகிவிடும்.

மிஷிகனில் இருந்த குவார்ட்டர்பேக் ரயன் மாலெட். ஆறரை அடி உயரம், பீரங்கி போன்ற கை, நின்ற இடத்திலிருந்து எறிபவர். அவர் ஆர்கன்சாவுக்குப் போய்விட்டார். மிஞ்சிய ஸ்டீவன் த்ரீட், நிக் ஷெரிடன் இருவரும் எதிரணியை ஓடி அச்சுறுத்தக்கூடியவர்கள் அல்லர். பழைய அணியின் தூண்களான சாட் ஹென்னி, மைக் ஹார்ட், ஜேக் லாங் எல்லோரும் அதே வருடம் வெளியேறியிருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்; எந்த கோச் வந்திருந்தாலும் சிரமப்பட்டிருப்பார். ஆனாலும் 3 வெற்றி 9 தோல்வி, டொலீடோவிடம் 13-10 தோல்வி, 1975 முதல் தொடர்ந்து வந்த பௌல் ஆட்டங்களின் (சீசன் முடிவில் நல்ல அணிகளுக்குக் கிடைக்கும் சிறப்பு ஆட்டங்கள்) வரிசை அறுந்தது, இதெல்லாம் வெறும் ஆள் பற்றாக்குறையால் வந்ததில்லை. இல்லாத ஆளுக்காக எழுதிய ஆட்டத்தை இருக்கிற ஆளை வைத்து ஆடியதன் விளைவும் அதில் இருக்கிறது.

2009இல் டெனார்ட் ராபின்சன் சேர்ந்தார். 2010இல் 1,702 கெஜம் ஓடினார். இப்போது சிஸ்டத்துக்குப் பொருத்தமான ஆள் வந்துவிட்டார், ஆனால் அந்த சீசன் முடிந்ததும் கோச்சின் வேலை போய்விட்டது. அடுத்து வந்த பிரேடி ஹோக்கும் அவருடைய ஆஃபென்ஸ் (தாக்கும் அணி) பொறுப்பாளர் ஆல் போர்ஜஸும் நேர் எதிர்ப் பள்ளி: குவார்ட்டர்பேக், பந்தைப் பின்னால் தரும் சென்டருக்குப் பின்னால் ஒட்டி நிற்பது, பின்வாங்கி நின்று எறிவது. அவர்கள் கையில் இப்போது நாட்டிலேயே சிறந்த ஓட்டக்கார குவார்ட்டர்பேக்! தங்கள் பிடிவாதத்தைப் பெரும்பாலும் ஒத்திவைத்தார்கள். குவார்ட்டர்பேக் சென்டரிடமிருந்து தள்ளி நிற்கும் ஷாட்கன் அமைப்பும் டெனார்டின் ஓட்டமும் தொடர்ந்தன. அவர் 1,176 கெஜம் ஓட, அணி 11-2 என்று முடித்து ஷுகர் பௌலை வென்றது. தங்கள் பாணியில் தூர எறிதல்களைப் புகுத்திய இடங்களில் விலையும் கொடுத்தார்கள். டெனார்டின் இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட எறிதல்) 11லிருந்து 15 ஆனது.

அதே மிஷிகனில் டிஃபென்ஸ் பக்கம் இன்னொரு பாடம் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. 2010இல் டிஃபென்ஸ் பொறுப்பாளர் க்ரெக் ராபின்சன் நான்கு பேர் லைனில் வளர்ந்தவர். தலைமை கோச் விரும்பியது 3-3-5 (லைனில் மூவர், அவர்களுக்குப் பின்னால் லைன்பேக்கர் மூவர், பின்வரிசையில் ஐவர்). தனக்குப் பழக்கமில்லாத அமைப்பை அவர் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. ஆட்டத்துக்கு 35 புள்ளிக்கு மேல் விட்டுக்கொடுத்தார்கள். 2011இல் க்ரெக் மேட்டிசன் தான் நன்கு அறிந்த நால்வர் லைனைக் கொண்டுவந்தார், பெரும்பாலும் அதே பையன்கள், சராசரி 17 சொச்சத்துக்கு இறங்கியது. பையன்களைப் பொருத்துவதற்கு முன் உதவி கோச்சுகளை சிஸ்டத்தோடு பொருத்த வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது? எல்லோரும் குவார்ட்டர்பேக்கிலிருந்து தொடங்குவார்கள். நான் ஆஃபென்சிவ் லைனிலிருந்து, அதாவது குவார்ட்டர்பேக்கைக் காத்து ஓட்டத்துக்கு வழி திறக்கும் ஐவரிலிருந்து, தொடங்கச் சொல்வேன். ஒரு நல்ல குவார்ட்டர்பேக்கை வெளியிலிருந்து கொண்டுவந்துவிடலாம். ஒருவர் தோளை ஒருவர் உணர்ந்து நகரும் ஐந்து பேரைக் கடையில் வாங்குவதுபோல வாங்க முடியாது. முதல் வாரத்தில் முழு ஆட்டங்களை ஓட்டிப் பார்ப்பதில் பயனில்லை. ஒவ்வொரு லைன்மேனுக்கும் தனித்தனியாகக் காட்சிகளை வெட்டி எடுக்க வேண்டும்: இன்சைட் ஜோன் (நடுவழி ஓட்டம்), அவுட்சைட் ஜோன் (ஓரவழி ஓட்டம்), சென்டருக்குப் பக்கத்தில் நிற்கும் கார்டை இழுத்து ஓடவைக்கும் பவர் - கவுன்ட்டர் ஓட்டங்கள், விரைவுப் பாஸ், ஆழமான பாஸ், ஸ்க்ரீன் (லைனுக்குப் பின்னாலேயே கொடுக்கும் குட்டிப் பாஸ்) என்று ஆறு கட்டு. ஒவ்வொன்றிலும் இருபது ஸ்னாப்பாவது பார்த்தால்தான் தீர்ப்புச் சொல்ல முடியும். 325 பவுண்டு கார்டு நேரே இடித்துத் தள்ளுவதில் அரசனாக இருப்பார். அவரையே பக்கவாட்டில் மூன்றடி ஓடி லைன்பேக்கரின் வெளித்தோளைப் பிடிக்கச் சொன்னால் மூச்சு வாங்கும். அப்படி மூன்று பேர் இருந்தால், கோச்சின் பிரியமான அவுட்சைட் ஜோன் முதல் வருடம் அலமாரியில் இருக்கட்டும்.

இதன் உச்சம் ஜார்ஜியா டெக். 2008இல் பால் ஜான்சன் நேவியிலிருந்து ட்ரிப்பிள் ஆப்ஷனைக் (எதிரணியைப் பார்த்து மூன்று வழிகளில் ஒன்றில் பந்தை ஓடவைக்கும் ஆட்டம்) கொண்டுவந்தார். இதைவிடப் பெரிய மாற்றம் கல்லூரி ஃபுட்பாலில் கிடையாது, ஆனால் முதல் வருடமே 9-4. காரணம் மந்திரமில்லை. ஓடத் தெரிந்த ஜாஷ் நெஸ்பிட் ஏற்கெனவே அங்கே இருந்தார். நடுவில் இடித்துக்கொண்டு போகும் ஜானதன் ட்வயர் இருந்தார், அந்த வருடம் 1,395 கெஜம். தனியாக விடப்பட்ட கார்னர்பேக்கைத் தாண்டிப் பிடிக்க டெமேரியஸ் தாமஸ் இருந்தார். முந்தைய வருட குவார்ட்டர்பேக் டெய்லர் பென்னெட் எறிபவர், அவர் வேறு கல்லூரிக்குப் போனார். உடம்புகள் பொருந்தின, ஆட்டம் ஓடியது.

பதினோரு வருடம் கழித்து அதே அணி ஆப்ஷனை விட்டு எதிர்த்திசையில் போனபோது எதுவும் பொருந்தவில்லை. ஆப்ஷன் லைன்மேன் இலகுவானவர், முன்னால் சாய்ந்து நின்று, ஸ்னாப் ஆனதும் எதிராளியின் தொடைக்குக் கீழே பாய்ந்து வெட்டுபவர். பாஸ் ஆட்டத்தில் அவர் நிமிர்ந்து, பின்னோக்கிச் சரிந்து, கையை நீட்டி நிறுத்த வேண்டும். இரண்டுக்கும் தசைப் பழக்கமே வேறு. ஆப்ஷன் ஆட்டத்தில் டைட் எண்ட் (லைன் ஓரத்தில் நின்று தடுக்கவும் பந்து பிடிக்கவும் செய்பவர்) என்ற இடமே இல்லாததால் புது கோச் ஜெஃப் காலின்ஸ் அந்த இடத்துக்கு வெளியிலிருந்து ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. ஓரத்தில் ஓடிய குள்ளமான ஏ-பேக்குகள் ரன்னிங் பேக்கும் இல்லை, பாஸைப் பிடிக்கும் முழு ரிசீவரும் இல்லை. 2019இல் 3-9. அதில் ஒரு தோல்வி, கீழ்மட்டப் பிரிவில் ஆடும் சிட்டடலிடம், கூடுதல் நேரத்தில் 27-24. சிட்டடல் ஆடியது இவர்கள் கைவிட்ட அதே ட்ரிப்பிள் ஆப்ஷன். மாற்றம் தேவைதான் என்று ஏற்றுக்கொண்டாலும், பையன்களின் கால் அறிந்த நான்கைந்து ஆப்ஷன் ஓட்டங்களை ஷாட்கனிலிருந்து முதல் வருடம் வைத்திருக்கலாம் என்பதே என் எண்ணம்.

இனி கற்றுக்கொடுக்கும் கணக்கு. வசந்தகாலத்தில் விதிப்படி கிடைப்பது 15 பயிற்சி நாட்கள், எல்லா நாளும் மோதிப் பழகவும் அனுமதி இல்லை. ஒரு நாளில் அணியாக ஆடும் ஸ்னாப் 60 என்று வைத்துக்கொள்வோம். இருபது ஆட்டங்களை (முன்பே வகுத்த நகர்வுகளை) ஒரே மூச்சில் கொட்டினால் ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்ப்பு; அதையும் இரண்டாம் வரிசையோடு பங்கிட்டால் ஒன்றரை. பத்து ஆட்டம் என்றால் இரட்டிப்பு. என் பரிந்துரை: நான்கு ஓட்டம், ஐந்து பாஸ், ஒரு ஸ்க்ரீன், இரண்டு பாதுகாப்பு அமைப்பு. மூன்று நாளில் சொல்லி முடித்து, அதையே அடுத்த மூன்று நாள் மறுபடியும். வெரைட்டி வேண்டுமென்றால் ஆட்டத்தை மாற்றாமல் நிற்கும் அமைப்பை மாற்றலாம். லைனுக்கு அதே ஐந்து காலடிதான், எதிரணிக்கு மட்டும் புதுசாகத் தெரியும்.

பெயர்கள் விஷயத்தில் பெரும்பாலான கோச்சுகள் வீண் பிடிவாதம் பிடிக்கிறார்கள். பழைய கோச் இன்சைட் ஜோனுக்கு ஒரு பெயர் வைத்திருப்பார், புதியவரிடம் வேறு பெயர். நூறு பையன்கள் பழைய சொல்லை மறப்பதைவிட ஒரு பொறுப்பாளர் அதைக் கற்றுக்கொள்வது எளிது. புது விஷயத்துக்கு மட்டும் புதுப் பெயர் போதும். ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது: பாஸ் பாதுகாப்பில் நடு லைன்பேக்கர் யார் என்று அறிவிப்பது சென்டரா, குவார்ட்டர்பேக்கா என்பது முதல் நாளே முடிவாக வேண்டும். பாதிப் பேர் பழைய வழக்கத்திலும் பாதிப் பேர் புது வழக்கத்திலும் நின்றால், யாருமே எடுக்காத ஒரு ஆள் நேரே குவார்ட்டர்பேக்கின் முதுகுக்கு வருவார். செப்டம்பரில் நாம் பார்க்கும் பல ‘சாக்’களின் (எறிவதற்கு முன்பே குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவது) பிறப்பிடம் அதுதான்.

டிஃபென்ஸில் மாற்றம் வெளியே தெரிவதைவிடச் சிறியது. த்ரீ-ஃபோரிலிருந்து ஃபோர்-டூ-ஃபைவுக்குப் (லைனில் நால்வர், லைன்பேக்கர் இருவர், பின்வரிசையில் ஐவர்) போகும்போது, லைன் ஓரத்தில் நின்ற 290 பவுண்டு எண்ட் உள்ளே வந்து டேக்கிள் ஆகிறார், 240 பவுண்டு வெளி லைன்பேக்கர் எண்ட் ஆகிறார். பெயர் மாறுகிறது, வேலை முக்கால்வாசி அதுவே. அடிபடுபவர்கள் இரண்டு பேர்: இரண்டு இடைவெளிகளையும் அடைத்து லைனின் நடுவில் நிற்கப் பழகிய பெரிய நோஸ் டேக்கிள், மண்டலம் காத்துப் பழகி, திடீரென்று ரிசீவரின் மூக்குக்கு நேரே நின்று தனியாக ஓடச் சொல்லப்படும் கார்னர். முந்தையவரைச் சுழற்சியில் வைத்துச் சமாளிக்கலாம். கார்னரை மறைக்க இடமே இல்லை. கோச்தான் கவரேஜை (ரிசீவர்களைக் காக்கும் முறையை) மாற்ற வேண்டும்.

சரியாகச் செய்தவர் அர்பன் மெயர். 2005இல் ஃப்ளோரிடாவுக்கு வந்தபோது அங்கே இருந்தவர் க்ரிஸ் லீக், எறிபவர், ஓட்டக்காரர் அல்ல. அவரைத் துரத்தவில்லை. 2006இல் புதிதாக வந்த டிம் டீபோவை, ஒன்றிரண்டு கெஜம் மட்டும் தேவைப்படும் இடங்களில் இறக்கி ஓடவைத்தார். லீக் எறிந்தார், டீபோ 469 கெஜம் ஓடினார். சிஸ்டத்துக்கு வேண்டிய ஒரு ஆளை இரண்டு பேரிலிருந்து தைத்தெடுத்தார். 13-1, இறுதியில் ஒஹாயோ ஸ்டேட்டை 41-14 என்று வென்று தேசிய சாம்பியன்.

முதல் ஆட்டத்தை வைத்தும் ஏமாறக் கூடாது. மிசிசிப்பி ஸ்டேட்டுக்கு 2020இல் ஏர் ரெய்டோடு வந்த மைக் லீச், லூசியானா ஸ்டேட்டை (எல்எஸ்யூ) 44-34 என்று வென்றார். குவார்ட்டர்பேக் கே. ஜே. காஸ்டெல்லோ 623 கெஜம் எறிந்தார், அவர்கள் ஆடும் எஸ்இசி லீக்கின் சாதனை. எல்எஸ்யூ ஆளுக்கு ஆள் என்று காத்தது. அடுத்த வாரம் ஆர்கன்சா மூன்று பேரை மட்டும் முன்னால் அனுப்பி எட்டுப் பேரைப் பின்னால் நிறுத்தியது. 21-14 தோல்வி. எட்டுப் பேர் பின்னால் நின்றால் ஓட வேண்டும். முந்தைய வருடம் 1,350 கெஜம் ஓடிய கைலின் ஹில் அதே அணியில்தான் இருந்தார். ஆனால் சிஸ்டத்தில் ஓட்டத்துக்கு இடம் குறைவு. அதற்கடுத்த வாரம் கென்டக்கியிடம் 24-2 தோல்வி.

"இப்போதுதான் வீரர்கள் கல்லூரி மாற உதவும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் இருக்கிறதே, ஆளையே மாற்றிவிடலாமே" என்பார்கள். பாதி உண்மை. 2024இல் இண்டியானாவுக்கு வந்த கர்ட் சிக்னெட்டி, ஜேம்ஸ் மேடிசனிலிருந்து 13 பேரைக் கூட்டிவந்தார். முந்தைய வருடம் 3-9 ஆக இருந்த அணி 11-2 ஆனது. அவர் கொண்டுவந்தது வெறும் திறமை அல்ல, தன் மொழியை ஏற்கெனவே பேசத் தெரிந்தவர்களை. உதவி கோச்சுகளிலும் பலர் அவரோடு வந்தவர்கள். அதற்கு முந்தைய வருடம் கொலராடோ அணியையே புரட்டிப்போட்டது. பளபளப்பான பெயர்கள் வந்தன, லைன் கைகூடவில்லை. குவார்ட்டர்பேக் ஷெடியர் சாண்டர்ஸ் அந்த சீசனில் 52 முறை சாக் ஆனார், அணி 4-8.

அடுத்த சீசனில் உங்கள் கல்லூரிக்குப் புது கோச் வந்தால், முதல் மூன்று ஆட்டங்களில் ஸ்கோரை விட்டுவிட்டு மூன்று விஷயங்களை எண்ணிப் பாருங்கள். ஜோன் ரீடில் ஓர வீரர் உள்ளே பாய்ந்தபோது குவார்ட்டர்பேக் எத்தனை முறை பந்தைத் தானே எடுத்துக்கொண்டார். பழைய அணியின் சிறந்த மூன்று பேர் கையில் பந்து எத்தனை முறை போனது. ஒரே ஓட்டத்தை எத்தனை விதமான அமைப்பிலிருந்து ஆடினார்கள்.