ஈம்ஸ் 'சகோதரர்கள்' என்று யாரும் இருக்கவில்லை

திருகோணமலை வட்ஸ்அப் குழுக்களில் இரண்டு நாளாக ஒரு படம் சுற்றுகிறது. தோல் மெத்தை வைத்த வளைந்த பலகைக் கதிரை, கீழே 'இதைச் செய்தவர்கள் சார்ல்ஸ், ரே ஈம்ஸ் என்ற அண்ணன் தம்பி' என்ற வரி. எங்கள் தச்சுப் பட்டறைத் தம்பிமார்கூட அதை அப்படியே போட்டிருக்கிறார்கள்.

கதிரை உண்மை, 1956இல் ஹெர்மன் மில்லர் என்ற அமெரிக்கத் தளபாட நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆனால் அதை வடிவமைத்த அந்த அமெரிக்கர்கள் இருவரில் ரே ஒரு பெண், சார்ல்ஸின் மனைவி. ஓவியம் படித்தவர், கிரான்புரூக் கலைக் கல்லூரியில் சார்ல்ஸைச் சந்தித்து 1941இல் திருமணம் செய்தார். அப்புறம் இருவரும் வீட்டிலேயே பிளைவூட்டை வளைத்துப் பார்த்து, போர்க்காலத்தில் அமெரிக்கக் கடற்படைக்குக் காயம்பட்ட காலை அசையாமல் வைக்கக் கட்டும் மட்டைகள் செய்து கொடுத்தார்கள், கதிரைகளுக்கான கைப்பழக்கம் பெரும்பாலும் அங்கேதான் வந்தது. தொழிற்சாலை இரும்புச் சட்டங்களால் 1949இல் கலிபோர்னியாவில் கட்டிய வீடும் இருவருடையதுதான். பெயர் ஆண் பெயர்போல இருப்பதால் வந்த குழப்பம் என்றே நினைக்கிறேன். அன்றைய பத்திரிகைகளும் சார்ல்ஸைத்தான் முன்னால் நிறுத்தின.

சந்தேகம் என்றால் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தளத்தில் பாருங்கள், இருவரின் ஆவணங்களும் அங்கேதான். சரி, அந்தப் படத்தை இனி அனுப்பாதீர்கள், அனுப்பியிருந்தால் அதே குழுவில் திருத்தத்தையும் போட்டுவிடுங்கள்.