ஏற்காடு பஸ்ஸும் ஏத்தாப்பூர் பஸ்ஸும்

வீட்டு வேலையோடு வேலையாகச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகளுக்கு எண்ணும் எழுத்தும் தானாக வந்துவிடும் என்று இப்போது நிறையப் பேர் எழுதுகிறார்கள். பாதி ஒத்துக்கொள்கிறேன். கணக்கு அப்படி வரும். எழுத்து அப்படி வராது.

என் மகள் யு.கே.ஜி. முடிக்கும்போது 1 முதல் 100 வரை மூச்சு விடாமல் எழுதுவாள். பள்ளியில் நோட்டு நிறைய ஸ்டார் போட்டுக் கொடுத்தார்கள். எங்களுக்கும் பெருமைதான். ஒரு நாள் சாயங்காலம் முறுக்கு வாங்கி வந்து, "ஆளுக்கு ரெண்டு குடு பாப்பா" என்றேன். வீட்டில் ஐந்து பேர். தாத்தாவுக்கு இரண்டு கொண்டுபோய்க் கொடுத்தாள், திரும்ப அடுப்படிக்கு ஓடினாள், பாட்டிக்கு இரண்டு, மறுபடி ஓட்டம். ஐந்து நடை! நூறு வரை எழுதத் தெரிந்த பிள்ளைக்குப் பத்து முறுக்கை ஒரே தட்டில் எடுத்துவரத் தோன்றவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. தினமும் சாயங்காலம் பங்கு வைப்பது அவள் வேலை என்று மட்டும் ஆக்கினோம். இரண்டு மூன்று வாரத்தில் தட்டோடு வந்து நின்றாள். சித்தப்பா வந்திருந்த அன்று கேட்காமலே பன்னிரண்டு எடுத்து வந்தாள். இரண்டாம் வாய்ப்பாடு அப்போது அவளுக்குத் தெரியாது.

பல்லாங்குழி இன்னும் மேல். பதினான்கு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. மூன்று கிடக்கும் குழியில் இன்னொன்று விழுந்தால் பசு, எடுத்துக்கொள்ளலாம். ஆரம்பத்தில் கைக்கு வந்த குழியை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தவள், ஒரு நாள் கொட்டையைத் தொடாமல் விரலால் குழி குழியாகத் தடவிப் பார்த்து, "இத எடுத்தா அங்க முடியும், வேணாம்" என்றாள். அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். அன்றிலிருந்து அம்மாவும் விட்டுக்கொடுத்து ஆடுவதில்லை.

சரி, நான் கெடுத்த கதையையும் சொல்கிறேன். எங்கள் சேலத்திலிருந்து ஏற்காடு மலையேறினால் இவளுக்கு வாந்தி வரும். மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் எண் போட்ட பலகை. புளிப்பு மிட்டாயை அடக்கிக்கொண்டு பலகையையே பார்த்துவந்தவள் ஏழாவது வளைவில், "இன்னும் பதிமூணாப்பா?" என்று கேட்டாள். கழித்தல்! எனக்குத் தலைகால் புரியவில்லை. இறங்கும்போது நான் வாத்தியார் ஆகிவிட்டேன். ஒன்பதிலிருந்து நாலு போனால் எவ்வளவு, பதினாலுக்கு அப்புறம் மூணு வளைவு இறங்கினால் எத்தனை? குழந்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது. அஸ்தம்பட்டி வரும்வரை பேசவில்லை. ஏறும்போது அந்தக் கணக்கு அவள் வயிற்றுக்குத் தேவைப்பட்டது. இறங்கும்போது எனக்குத்தான் தேவைப்பட்டது.

இப்போது எழுத்துக்கு வருகிறேன். கணக்கு வந்த ஜோரில் எழுத்தையும் அப்படியே விட்டுவிட்டோம். பஸ் ஸ்டாண்டு போகும்போதெல்லாம் போர்டு பார்த்து ஆத்தூர், ஓமலூர், ஏற்காடு என்று சொல்வாள். ஆ, ஓ, ஏ மூன்றும் வந்துவிட்டதே, மீதியும் இப்படியே வரும் என்று இருந்தேன். ஒரு நாள் ஏத்தாப்பூர் பஸ் வந்து நின்றது. "அப்பா, ஏற்காடு!" என்று கையைப் பிடித்து இழுத்தாள். அவள் படிக்கவே இல்லை, முதல் எழுத்தை மட்டும் அடையாளம் வைத்துக்கொண்டு மீதியை ஊகித்திருக்கிறாள்.

அந்த நேரம் எனக்கு அப்பா ஞாபகம் வந்தார். ஒன்பது வயதில் அம்மாப்பேட்டையில் தறிக்குத் தார் (ஊடை நூல் சுற்றும் குழல்) சுற்ற உட்கார்ந்தவர், அப்புறம் தறியிலேயே வாழ்க்கை. இழைக் கணக்கு, கூலிக் கணக்கு, சீட்டுக் கணக்கு எல்லாம் வாயிலேயே போடுவார், நான் கால்குலேட்டர் எடுப்பதற்குள் விடை வரும். ஆனால் இன்றைக்கும் பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் நிற்பவரிடம், "இது ஆத்தூர் போகுதுங்களா?" என்றுதான் கேட்பார். அறுபது வருடமாக இந்த ஊரில் போர்டுகளுக்கு நடுவே நடமாடுகிறவர். தானாக வருவதாக இருந்தால் அவருக்கு வந்திருக்க வேண்டாமா? அதனால்தான், பிள்ளைக்கு வேலை கொடுங்கள் என்று சொல்லும்போதே எனக்குக் கொஞ்சம் உறுத்தும். வேலை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் தறிக்கார வீடுகள் பார்த்திருக்கின்றன.

மறுநாள் ஏற்காடு, ஏத்தாப்பூர் இரண்டையும் தாளில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினேன். ஏ-ற்-கா-டு. ஏ-த்-தா-ப்-பூ-ர். விரல் வைத்து, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒலியைச் சொல்லி. தினமும் பத்து நிமிடம், அதற்கு மேல் இல்லை. 247 என்று பயமுறுத்த வேண்டியதில்லை. 12 உயிரும் 18 மெய்யும் தெரிந்து, கால், கொம்பு, விசிறிகளின் ஒலி பிடிபட்டால் பெரும்பாலும் நகர்ந்துவிடும். ‘கொ’வில் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் நிற்பதற்கு மட்டும் நாலு நாள் சண்டை போட்டாள், "கொம்ப முதல்ல எழுதிட்டு ஏன் கடைசில சொல்றோம்?" என்று. நியாயமான கேள்வி, என்னிடம் பதில் இல்லை. அப்புறம் ஞாயிற்றுக்கிழமை உழவர் சந்தைக்குக் கூட்டிப்போய் விலைப் பலகையைப் படிக்கச் சொல்வேன். தக்காளி, கத்தரிக்காய், வாங்கும் பொருள் கண் முன்னால் இருப்பதால் சலிக்காது. பலகை பயிற்சிக்கு, தாள்தான் பாடம்.

பக்கத்து வீட்டுப் பையன் அரசுப் பள்ளி. 2022-இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரைக்குக் கொண்டுவந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் படிக்கிறான். பாட்டும் ஆட்டமுமாகத்தான் வகுப்பு. ஆனாலும் எழுத்துக்கு டீச்சர் உட்கார்ந்து ஒலி சொல்லித் தருகிறார். என் மகளின் பள்ளியில் இரண்டுக்கும் ஒரே மருந்து, பார்த்து எழுது.

இப்போது மாட்டியிருப்பது ல, ள, ழ. வீட்டில் நாங்கள் எல்லோருமே ‘வாளப்பளம்’ என்றுதான் சொல்கிறோம். ஒலியைச் சொல்லி எழுத்தைக் காட்டு என்று இவ்வளவு நேரம் எழுதிவிட்டு, என் வாயிலேயே அந்த ஒலி இல்லை. பாப்பாவும் ‘பளம்’ என்றே எழுதி வைத்திருக்கிறாள். யாராவது பிள்ளைக்கு இதைப் பிரித்துச் சொல்லிக்கொடுத்திருந்தால் எப்படி என்று சொல்லுங்கள்.