ராஜ் ரெட்டியின் மாணவர்களைப் பற்றியும் பேசுவோம்

கணினி அறிவியல் பேராசிரியர் ராஜ் ரெட்டி என்றதும் நம் ஊரில் இரண்டு தகவல்தான் சொல்வார்கள். கிண்டி பொறியியல் கல்லூரியில் 1958-இல் சிவில் முடித்தவர். கணினி அறிவியலின் மிக உயர்ந்த விருதான டூரிங் விருதை 1994-இல் வாங்கியவர். அன்றைய சென்னை மாகாணத்துச் சித்தூர் மாவட்டக் கிராமத்தில் பிறந்து, தெலுங்கு வழியில் பள்ளிப் படிப்பை முடித்து, ஸ்டான்ஃபோர்டில் செயற்கை நுண்ணறிவு முன்னோடி ஜான் மெக்கார்த்தியிடம் முனைவர் பட்டம் பெற்றவர். பெருமைதான். ஆனால் நான் அவரை மதிப்பது, தனக்கு நம்பிக்கையில்லாத வழியில் போன மாணவர்களுக்கும் தன் லேபில் இடம் கொடுத்ததற்காக.

1969-இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்கு வந்த ரெட்டி, மனிதப் பேச்சைக் கணினிக்குப் புரியவைக்க முயன்றார். அவருடைய குழுவின் வழி 'ஹியர்சே'. ஒலி தெரிந்த நிரல், சொல் தெரிந்த நிரல், இலக்கணம் தெரிந்த நிரல் எனத் தனித்தனியாக எழுதி, எல்லாவற்றின் ஊகங்களையும் ஒரே இடத்தில் சேர்த்து முடிவெடுக்கவைப்பது. அதே துறையில் ஜேம்ஸ் பேக்கர் என்ற மாணவர், இவ்வளவு அறிவை ஊட்ட வேண்டியதில்லை, நிகழ்தகவுக் கணக்கே போதும் என்று 'டிராகன்' எழுதினார். ரெட்டி தடுக்கவில்லை. பின்னர் புரூஸ் லோவர் என்ற இன்னொரு மாணவர் இரண்டிலிருந்தும் எடுத்துக்கொண்டு 'ஹார்பி' செய்தார். 1976-இல் அது 1011 சொற்களைப் புரிந்துகொண்டது. மூன்றும் ஒரே கூரையின் கீழ் நடந்திராவிட்டால் ஹார்பி வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

1980களில் காய்-ஃபு லீ என்ற மாணவர் வந்தார். நிபுணர்களின் அறிவை விதிகளாக எழுதும் எக்ஸ்பர்ட் சிஸ்டம் வழியில்தான் அவரும் வேலை செய்ய வேண்டும் என்பது ரெட்டியின் திட்டம். கொஞ்ச நாளிலேயே லீக்கு அதில் நம்பிக்கை போனது. பலருடைய குரல் பதிவுகளைக் கொடுத்து, புள்ளியியல் முறையில் கணினியே கற்கட்டும் என்று கைடிடமே போய்ச் சொன்னார். உன் கருத்தை நான் ஏற்கவில்லை, ஆனாலும் உனக்கு ஆதரவு தருகிறேன் என்று ரெட்டி சொன்னதாக லீயே பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். வாய்வார்த்தையோடு நிற்காமல் வேலைக்கு வேண்டிய வசதியும் கொடுத்தார். அப்படி வந்ததுதான் 'ஸ்ஃபிங்க்ஸ்'. யார் பேசினாலும், நிறுத்தி நிறுத்திப் பேசாவிட்டாலும், ஏறத்தாழ ஆயிரம் சொற்களைப் புரிந்துகொண்டது. 1988-இல் லீயின் ஆய்வேடும் முடிந்தது.

இதைப் படிக்கும்போதெல்லாம் நம் பிஎச்டி மாணவர்கள்தான் கண்முன் வருகிறார்கள். கைடு பத்து வருடத்துக்கு முன் செய்த தலைப்பின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் பல சினாப்சிஸ் எழுதப்படுகின்றன. "சார், இந்த முறை சரிவராது போலிருக்கு" என்று சொல்லப் பயந்து, சரிவராததையே நான்கு வருடம் செய்பவர்களை எனக்குத் தெரியும். கெட்டிக்காரப் பிள்ளைகள். கேட்டால், கைடுக்கும் ப்ராஜெக்ட் பணம் அந்தத் தலைப்புக்குத்தானே வந்திருக்கிறது என்பார்கள். ரெட்டிக்கும் பணம் கொடுத்தவர்கள் இருந்தார்கள், கெடு இருந்தது. அதற்குள்தான் அவர் இடம் ஒதுக்கினார்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பிஎச்டி மாணவரின் ஆய்வை மதிப்பிடும் டாக்டரல் கமிட்டி கூடும்போது மாணவரிடம் ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: உங்கள் கைடோடு எந்த இடத்தில் உடன்படவில்லை? பதில் சொல்லும்போது கைடு அந்த அறையில் இருக்க வேண்டாம். சொன்னதில் சாரம் இருந்தால், அதைச் செய்து பார்க்க ஆறு மாதமும் சர்வர் நேரமும் ஒதுக்கச் சொல்லி மினிட்ஸிலேயே எழுதுங்கள்.