பல்லி மாதிரி இருக்கிறதாம்

சனிக்கிழமை நம் கூடத்துத் திரையிடலில் நான் கொண்டுவந்த பிபிசியின் பழைய டிராகுலா படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு வேறொரு டிராகுலா படத்தைப் போட்டது இந்நேரம் எல்லோர் காதுக்கும் வந்திருக்கும். நாலு பேர் நாலு விதமாகச் சொல்லியும் இருப்பார்கள். அதனால் முழுக்கதைக்குள் போகவில்லை.

ஒன்றே ஒன்றுதான். டிராகுலா கோட்டைச் சுவரில் தலைகீழாக இறங்கும்போது பின்வரிசையிலிருந்து "டேய், பல்லி மாதிரி இருக்குடா" என்று ஒரு குரல். மொத்தக் கூடமும் சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் படத்தையே நிறுத்திவிட்டார்கள்.

தம்பிகளா, அது பல்லி மாதிரிதான் இருக்க வேண்டும். 'டிராகுலா' நாவலில் பிராம் ஸ்டோக்கர் 1897இல் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார். மூன்றாம் அத்தியாயம், டிராகுலாவின் கோட்டையில் மாட்டிக்கொண்ட இளம் வக்கீல் ஜொனாதன் ஹார்க்கரின் நாட்குறிப்பு. நிலா வெளிச்சத்தில் எட்டிப் பார்க்கிறான். டிராகுலா ஜன்னல் வழியாக வெளியே வந்து, முகம் கீழே பார்க்க, மேலங்கி இறக்கை மாதிரி விரிய, கல்லிடுக்குகளைப் பற்றிக்கொண்டு, பல்லி சுவரில் போவது போலவே இறங்குகிறான். நீங்கள் கேலி என்று நினைத்துச் சொன்னது நாவலாசிரியரின் சொந்த உவமை. அதைத் திரையில் அப்படியே கொண்டுவந்ததற்குத்தான் இத்தனை சிரிப்பு.

நான் அந்த நாவலைப் படித்தது கல்லூரி விடுதியில். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பக்கம். இந்த இடத்துக்கு வந்தபோது கரண்ட் போயிருந்தது. மெழுகுவர்த்தியை ஒட்டினாற்போல சுவரில் ஒரு பல்லி, நிழல் மட்டும் கை அளவுக்கு. அது 'ச்சுச்சுச்சு' என்றது பாருங்கள், புத்தகத்தை மூடிவிட்டு அடுத்த அறைக்குப் போய்ப் படுத்தேன். பல்லி சொன்னால் பலன் பார்க்கிற ஊரில் பிறந்தவனுக்கு அந்த வரி எப்படி இறங்கும் என்று ஸ்டோக்கருக்கே தெரிந்திருக்காது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சிரிப்பு வருகிறது. சரி, காலம்.

"நாவல்படி எடுத்தால் போதுமா, படம் நன்றாக இருக்க வேண்டாமா" என்பீர்கள். எங்கே பார்த்தீர்கள், நன்றாக இருக்கிறதா இல்லையா என்று சொல்ல? 1977 டிசம்பர் 22 அன்று பிபிசியில் வந்த படம் அது. கிட்டத்தட்ட இரண்டரை மணி நேரம். பிலிப் சாவில் இயக்கம். நாவலின் இரண்டு பெண்கள், லூசியும் மினாவும், போகிற இங்கிலாந்துக் கடலோர ஊரான விட்பியின் கல்லறைத் தோட்டத்தை செட் போடாமல் விட்பிக்கே போய் எடுத்தார்கள். டிராகுலாவாக லூயி ஜோர்டான். பின்னால் ஜேம்ஸ் பாண்ட் படமான 'ஆக்டோபஸி'யில் வில்லன் கமல் கானாக வந்தாரே, நம்ம விஜய் அமிர்தராஜ் நடித்த அதே படத்தில், அவர்தான். பல்லை நறநறக்க மாட்டார், கத்த மாட்டார். மரியாதையாக, தணிந்த குரலில் பேசுவார். அதுதான் பயம்.

"தூர்தர்ஷன் நாடகம் மாதிரி இருக்கிறது" என்றும் ஒருவர் சொன்னார். ஆமாம், இருக்கும். வீட்டுக்குள் நடப்பதை வீடியோவிலும் வெளிப்புறத்தைப் பிலிமிலும் எடுப்பதுதான் அன்றைய பிபிசி வழக்கம். அதற்கு நான் என்ன செய்ய? சில இடங்களில் நெகட்டிவ் மாதிரி நிறத்தைப் புரட்டிப் போட்டுப் பயமுறுத்தப் பார்த்திருக்கிறார்கள், அது எனக்கும் பிடிக்காது. லூசியையும் மினாவையும் அக்காள் தங்கை ஆக்கியிருக்கிறார்கள், நாவலில் லூசியை விரும்புகிற குவின்சியையும் ஆர்தரையும் சேர்த்து ஒரே ஆளாக்கியிருக்கிறார்கள். நாவலில் முதலில் வருகிற வெள்ளை மீசைக் கிழட்டு டிராகுலாவும் இல்லை. போதுமா? குறை இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? முழுசாகப் பாருங்கள் என்றுதானே சொன்னேன்.

அப்புறம் என்ன போட்டார்கள்? ஹாலிவுட் இயக்குநர் கொப்பொலாவின் 1992 படம், 'பிராம் ஸ்டோக்கர்ஸ் டிராகுலா'. பெயரிலேயே ஸ்டோக்கர் இருக்கிறார், ஆகவே அதுதான் அசலாம். மினா டிராகுலாவின் முன்ஜென்ம மனைவி என்கிற காதல் நாவலில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று யாராவது காட்டினால் அடுத்த மாத டீச்செலவு என்னுடையது. இதில் பெரிய வேடிக்கை, அந்தப் படத்திலும் டிராகுலா சுவரில் அப்படியே தலைகீழாக இறங்குவான். அதே பல்லி. ஒரு ஆள் சிரிக்கவில்லை. செலவு செய்து எடுத்தால் பல்லிக்கும் மரியாதை வந்துவிடுகிறது போல.

"அண்ணே, இதுக்குப் போய் இவ்வளவு டென்ஷனா" என்று ஒரு தம்பி மெசேஜ் அனுப்பியிருந்தான். படத்துக்காக மட்டும் என்றால் இல்லைதான். இரண்டு வாரம் உட்கார்ந்து இரண்டு பக்கக் குறிப்பு எழுதினேன். நாற்பது பிரதி, என் காசில். அதில் அந்தப் பல்லி வரியும் இருந்தது, மூன்றாவது பத்தியில். படித்திருந்தால் அந்தப் பையன் சிரித்திருக்கவே மாட்டான். இடைவேளையில் பார்க்கிறேன், அந்தத் தாளில்தான் போண்டா வைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஜொனாதன் ஹார்க்கர் பெயர் மேல் எண்ணெய் வட்டமாக ஊறியிருந்தது. எனக்கும் ஒன்று நீட்டினார்கள். வாங்கித் தின்றேன், என்ன செய்ய.

என்னை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நிறுத்தியிருக்கலாம். "அண்ணே, கூட்டத்துக்குப் பிடிக்கலை" என்று சொல்லியிருந்தால் நானே எடுத்திருப்பேன். பத்து வருஷமாக அந்தக் கூடத்தில் நாற்காலி போடுகிறவனுக்கு அந்த ஒரு வார்த்தை கிடையாதா?

கோபத்தில் எழுந்து வந்ததில் பென்டிரைவை அந்த லேப்டாப்பிலேயே விட்டுவிட்டேன். சிவப்பு நிறம், மூடி இல்லாதது. யாரிடம் இருந்தாலும் திருப்பிக் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் மீதிப் படத்தைப் பார்த்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.